ஐந்தாம் நாள் கடிதம்

திருநகர், மதுரை
3 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெமிமா,

நான் முகாமை மூடச் சொன்னதாக உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் பேசியபோது தெரிந்தது. அது தவறு. பிள்ளைகளின் செல்போனை முதல் நாளே வாங்கிப் பெட்டியில் பூட்டாவிட்டால் முகாமே வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல. எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றும் சபையில் பேசிக்கொள்கிறார்களாம். அதுவும் தவறு. எழுபத்தாறு வயதில் என்னிடம் பழுதானது இடது முழங்கால் ஒன்றுதான்.

இனி முறைப்படி விசாரிக்கிறேன். நீ, மாப்பிள்ளை, பேத்தி தமிழ்வாணி மூவரும் சுகமா? ஓசூர்க் குளிரில் உன் அம்மாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? நான் கர்த்தரின் தயவால் தனியே சமைத்து, தனியே சாப்பிட்டு, சாப்பாட்டைக் குறை சொல்ல ஆளில்லாமல் இருக்கிறேன். உன் மாமா இருந்தவரை அந்தக் குறையும் இல்லை.

யானைமலை அடிவாரத்தில் மிஷன் பள்ளி விடுதியில் மே மாதம் பத்து நாள் நாம் நடத்தும் சிறுவர் முகாம் உனக்குத் தெரிந்ததுதான். முப்பது வருடம் பெண்பிள்ளைகள் பகுதி என் பொறுப்பில் இருந்தது. போன வாரம் கமிட்டியில் செயலர் வெள்ளைத்துரை எழுந்தார்.

“டீச்சர், இந்தக் காலத்துல எந்தத் தாய் பத்து நாள் பிள்ளைய விட்டுட்டு இருப்பா? மூணு நாள் ஏசி ஹால்ல வச்சு, ஐஸ்கிரீம் குடுத்து அனுப்பிருவோம்.”

“ஐஸ்கிரீம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலேயே கிடைக்கும். அதற்கு ஜெபம் எதற்கு?” என்றேன்.

“அப்ப நீங்களே ஓடியாடிப் பாத்துக்குவீங்களா? போன தடவ படியேத்தவே ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் தீர்மானம் இது: ஈஸ்டருக்குள் பெண்கள் பகுதியை ஏற்க அறுபது வயதுக்குட்பட்ட ஒருத்தியை நான் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மே மாதம் விடுதி ஒரு கோச்சிங் சென்டருக்குப் போய்விடும். ஒரு முறை விட்டால் பிறகு நம் கைக்கு வராது.

பிள்ளைக்குத் தன் வீடுதான் உலகம். வேறொரு கூரையின் கீழ் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போதுதான் அது தன் வீட்டை முதல்முறையாகப் பார்க்கிறது. நான் முகாமை நம்புவது இதற்காகத்தான்.

நீ கணக்கு ஆசிரியை, உனக்கு மே மாதம் விடுமுறை. அந்த முகாமில் வளர்ந்தவள். என் தம்பி மகள். தமிழ்வாணியையும் அழைத்துக்கொண்டு வந்து பொறுப்பேற்றுக்கொள்.

அன்புடன் உன் அத்தை,
எமிலி பாக்கியவதி

*

ஓசூர்
19 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது. தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து வருகிறீர்களா?

முகாமின் பயனை நான் நன்கு அறிவேன். எனினும் மே மாதம் விடைத்தாள் திருத்தும் பணி இருக்கும் என்று தெரிகிறது. தமிழ்வாணியை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். அம்மாவைத் தனியே விட்டு வருவதும் கடினம். ஆகவே பொறுப்பேற்க இயலாததற்கு மன்னிக்கவும். தங்களுக்குத் தகுந்த ஒருவர் கிடைக்க ஜெபிக்கிறேன்.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

அன்புடன்,
ஜெமிமா

*

திருநகர்
26 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெமிமா,

உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. உன் கடிதங்களில் எப்போதுமே இருப்பதில்லை.

ஆனால் காரணங்கள் நிற்கவில்லை. விடைத்தாள் திருத்துவது ஏப்ரலோடு முடிந்துவிடும். நானும் முப்பத்து நான்கு வருடம் ஆசிரியையாக இருந்தவள். நீச்சல் குளம் ஜூனிலும் அங்கேயேதான் இருக்கும். உன் அம்மாவை அழைத்து வா. அவள் இங்கே என்னோடு இருக்கட்டும். ரூபவதியும் நானும் ஒரு வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து வெகுகாலம் ஆயிற்று.

நேற்று விடுதியைப் பார்க்கப் போனேன். அடுப்படியில் ராமக்காள் இருந்தாள். நீ மறந்திருக்க மாட்டாய், உன் காலத்திலும் அவள்தான் சமையல். வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை வந்து பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிட்டுப் போகிறாள்.

“என்ன டீச்சர், இந்த வருசம் பிள்ளைக வருமா வராதா? வராதுன்னா சொல்லுங்க, இம்புட்டு அண்டாவையும் எதுக்குத் தேச்சுக்கிட்டுக் கெடக்கேன்” என்றாள்.

“வரும்” என்றேன்.

ஜெயக்கொடியை நினைவிருக்கிறதா? மேலூர்ப் பக்கத்து விவசாயி மகள், உன் படுக்கைக்கு அடுத்த படுக்கை. அவள் அப்பா முதல் நாள் வந்து, “எந்தச் சாமிய வேணாலும் கும்பிடச் சொல்லுங்க டீச்சர், பிள்ள நேரத்துக்குச் சாப்பிட்டாச் சரி” என்று விட்டுப் போனார். கும்பிடச் சொல்லி நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. வேதபாடம் எல்லாருக்கும் உண்டு, கைகூப்புவது அவரவர் இஷ்டம். அந்தப் பிள்ளை முதல் சாப்பாட்டில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது. என்ன என்று கேட்டால், “அண்ணனுங்க இன்னும் சாப்பிடலையே” என்றது. அங்கே அண்ணன் ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் வரிசையில் முதலாவதாக நின்றது. இன்று அவள் தாலுகா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். இதை முகாம் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முதல் தட்டை முகாம்தான் கொடுத்தது.

ஐந்தாம் நாள் பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுதும் வழக்கத்தையும் நீ மறந்திருக்க முடியாது. 1998இல் நீ எழுதியதைத்தான் நிறைவு விழாவில் நான் வாசித்தேன். பதினொரு வயதில் அப்படி ஒரு கடிதம். உன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்படி எழுதிய பெண் முகாமுக்கு வர மறுப்பது எனக்குப் புரியவில்லை.

விரைவில் பதில் வேண்டும். ஈஸ்டர் ஏப்ரல் 20.

அன்புடன்,
அத்தை எமிலி

*

திருநகர்
21 மார்ச் 2025

அன்புள்ள ஜெமிமா,

மூன்று வாரம் ஆகிவிட்டது. தபால்காரரைக் கேட்டேன், ஓசூரிலிருந்து எதுவும் இல்லை என்றார். உன் அம்மா போனை எடுக்கிறாள், நீ பள்ளியில் இருப்பதாகச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி உண்டா?

எல்லாரும் சுகம்தானே. ஒரு வரி எழுது.

அத்தை எமிலி

*

ஓசூர்
28 மார்ச் 2025

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். அனைவரும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

1998ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் நினைவிருக்கிறது. நீங்கள் விழாவில் வாசித்தது நான் எழுதிய இரண்டாவது கடிதம்.

முதல் கடிதம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளலாமா?

அன்புடன்,
ஜெமிமா

*

திருநகர்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெமிமா,

சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

கேட்டதற்குச் சொல்கிறேன். முதல் படிகளைத் திருத்தியபின் அடுப்படிக்குக் கொடுத்துவிடுவோம். ராமக்காள் அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்வாள். எல்லாப் பிள்ளைகளின் படிகளும் அப்படித்தான் போயின.

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். நான் கான்வென்ட் விடுதியில் இருந்தபோது மதர் எங்கள் கடிதங்களைப் படித்துத்தான் அனுப்புவார். வீட்டாரைக் கலங்கவைக்கும் எதுவும் கடிதத்தில் போகக் கூடாது என்பது விதி. எனக்குக் காய்ச்சல் நூற்று மூன்று இருந்த வாரத்தில்கூட, ரோஜாச் செடி பூத்திருப்பதாக என் அம்மாவுக்கு எழுதினேன். அதில் பெருமைப்பட்டேன். நாம் சொல்ல நினைப்பதை அடக்கி, பிறருக்கு இதமானதை எழுதுவது ஒரு கட்டுப்பாடு. அதையே என் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தேன். சிவப்பு மையால் அடித்து, சுத்தப்படி எழுதச் சொல்வேன். உன்னுடையதிலும் சில வரிகளை அடித்திருப்பேன். என்ன வரிகள் என்பது இருபத்தேழு வருடம் கழித்து எப்படி நினைவிருக்கும்?

உன் அப்பா கோபக்காரன்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஞானதுரையைப் போலப் பாடகர் குழுவை நடத்தியவர் இன்றுவரை நம் சபையில் இல்லை. அவன் போய் ஆறு வருடம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதை நினைப்போம்.

வெள்ளைத்துரை இன்று மறுபடி கேட்டார். பதினாறு நாள்தான் இருக்கிறது.

அத்தை எமிலி

*

ஓசூர்
13 ஏப்ரல் 2025, குருத்தோலை ஞாயிறு

அத்தை,

நான் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கடிதத்தைப் பற்றித்தான் கேட்டேன். அவரைப் பற்றி நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு நினைவிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு இருக்கிறது. இதைச் சுத்தப்படி எடுக்காமல் அப்படியே அனுப்பப்போகிறேன்.

முகாமில் நான்காம் நாள், கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கை நழுவிக் கீழே போட்டுவிட்டேன். முழு வாளி. அண்டா அண்டாவாகக் கஞ்சி ஓடியது போல எனக்கு இருந்தது. அங்கேயே குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். ராமக்காள் ஓடி வந்தாள். “கால்ல பட்டுச்சா ஆத்தா?” என்றாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. “எந்திரி, போனா போகுது, கஞ்சிதான, வேற காச்சிக்கலாம்” என்றாள். ஜெயக்கொடி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நானும் சிரித்தேன். ஒரு வாளி விழுந்தால் வாளி மட்டும்தான் விழும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினொரு வயது அத்தை.

அடுத்த நாள் நீங்கள் கடிதம் எழுதச் சொன்னீர்கள். நான் அம்மாவுக்கு எழுதினேன்.

“அம்மா, இங்கே எதையாவது கீழே போட்டால் காலில் பட்டதா என்று கேட்கிறார்கள். கதவு சத்தம் கேட்டால் யாரும் எழுந்து நிற்பதில்லை. நீயும் இங்கே வந்துவிடு. ராமக்காளோடு சமையல் செய்யலாம். உனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டேன், சேர்த்துக்கொள்வாள். அப்பாவிடம் சொல்லாதே. கையில் வீக்கம் வற்றிவிட்டதா?”

இவ்வளவுதான் அந்தக் கடிதம். நீங்கள் அதை இரண்டு முறை படித்தீர்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூலையிலிருந்து மூலைக்கு ஒரே கோடு போட்டீர்கள். “நல்ல வீட்டுப் பெண்கள் வீட்டைப் பற்றி இப்படி எழுத மாட்டார்கள். போய் மறுபடி எழுதிக் கொண்டுவா” என்றீர்கள். மலையைப் பற்றியும் பாட்டுகளைப் பற்றியும் அன்புள்ள அப்பாவுக்கு எழுதிக் கொண்டுவந்தேன். தலையைத் தடவிக்கொடுத்தீர்கள். அதன் பிறகு நான் யாருக்கும் எதையும் சொன்னதில்லை. என் கடிதங்களில் பிழை இருக்காது என்று எழுதியிருந்தீர்களே, எப்படி இருக்கும்.

முகாமின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பத்து நாள் இல்லாவிட்டால், எல்லா வீடும் எங்கள் வீட்டைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்திருப்பேன். நான் எப்படிப்பட்டவரைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதை அந்தக் கஞ்சி வாளிதான் எனக்குச் சொன்னது. ஆனால் தமிழ்வாணியை உங்கள் மேசைக்கு முன்னால் கடிதத்தோடு நிற்கவைக்க என்னால் முடியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கோட்டைப் போட்டபோது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

ஜெமிமா

*

திருநகர்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெமிமா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்தேன். நேற்று பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்குப் போய்விட்டு வந்து மறுபடி படித்தேன்.

இங்கே வெயில் கடுமை. உன் அம்மாவை வெளியே அனுப்பாதே.

எமிலி

*

திருநகர்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெமிமா,

தெரியும்.

பத்து நாளாக இந்த ஒரு சொல்லை எழுதத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

உன்னை முகாமில் கொண்டுவந்து விட்ட அன்று ரூபவதி சேலைத் தலைப்பால் இடது கையைப் போர்த்தியிருந்தாள். மே மாதத்து வெயிலில். குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். “கவனமாக இருக்கக் கூடாதா?” என்று நான் அவளைத்தான் கண்டித்தேன். அதற்கு முந்திய கிறிஸ்துமஸுக்கும் ஒரு குழாயடி இருந்தது. உன் கடிதம் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. நான் தெரியாதது போல இருந்ததை எழுத்தில் போட்டுவிட்டாய். அதற்காகத்தான் கோடு போட்டேன்.

அந்தக் கடிதம் போயிருந்தால் வாசலிலேயே ஞானதுரை பிரித்திருப்பான், உங்கள் இருவருக்கும் அதனால் தீங்குதான் வந்திருக்கும் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் கடிதத்தைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று யார் சொன்னது? திருநகரிலிருந்து திருமங்கலத்தில் உங்கள் வீட்டுக்கு ஒரே பஸ். இருபத்தைந்து நிமிடம். அவன் உலகத்தில் பயந்தது எனக்கு மட்டும்தான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், “இது என்ன?” என்று நான் கேட்டிருக்கலாம். என் தம்பி, பாடகர் குழுத் தலைவன், எங்கள் குடும்பப் பெயர் என்று இருந்துவிட்டேன். மதரின் விதியை இதற்குச் சாட்சிக்கு இழுத்தது தவறு. அன்று நான் மறைத்தது என் காய்ச்சலை. இது உன் அம்மாவுடைய கை.

மன்னிப்பு கேட்கிறேன். எப்படிக் கேட்பது என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் இவ்வளவுதான்.

இனி முகாம் விஷயம். ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை கமிட்டி கூடியது. “என்ன டீச்சர், மருமக வாராகளா?” என்று வெள்ளைத்துரை கேட்டார். வர மாட்டாள், காரணம் நான் என்றேன். காரணத்தையும் சொன்னேன். உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை வீட்டில் அடி விழுவதை எழுதியது, நான் அதன் மேல் கோடு போட்டுவிட்டு மலையைப் பற்றி எழுதவைத்தேன், அதையே விழாவில் வாசித்தும் காட்டினேன் என்றேன்.

வெள்ளைத்துரை, “விடுங்க டீச்சர், அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்” என்றார்.

“எல்லாரும் அல்ல, நான்” என்றேன். “பிள்ளை தன் வீட்டை வெளியே நின்று பார்க்கட்டும் என்றுதான் நாம் முகாம் நடத்துகிறோம். பார்த்ததைச் சொல்ல வந்தபோது வாயைப் பொத்தினேன். இனி ஐந்தாம் நாள் கடிதத்தைப் பெரியவர்கள் யாரும் படிக்கக் கூடாது. பிள்ளையே எழுதி, பிள்ளையே ஒட்டி, தபால் பெட்டி வரை நடந்துபோய்ப் போடட்டும். பயந்துபோன பிள்ளை பேச வந்தால் கேட்க ஒரு ஆள் வேண்டும். கேட்டதை மூடி வைக்காத ஆள். இதைக் கமிட்டி மினிட்ஸ் நோட்டில் எழுதுங்கள்” என்றேன். எழுதினார்கள்.

அந்த ஆள் யார் என்றார்கள். ஜெயக்கொடி என்றேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், அவள் நம் சபை இல்லையே என்று. வேதபாடத்தைப் போதகரின் மனைவி நடத்துவார், ஜெயக்கொடி பிள்ளைகளைப் பார்ப்பாள், முப்பது வருடத்தில் இந்த முகாம் வளர்த்த பிள்ளையை இந்த முகாமே நம்பாவிட்டால் கோச்சிங் சென்டருக்கே கொடுத்துவிடலாம் என்றேன். சம்மதித்தார்கள். பத்து நாள் கிடைக்கவில்லை, ஏழு நாள். மே 12 முதல் 18 வரை. செல்போன் பெட்டிக்குள்.

அவளை முதலிலேயே கேட்டிருக்கலாம். என் இரத்தம்தான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் குடும்பப் பெயர்தான்.

உன்னை இனிக் கேட்க மாட்டேன். சுகமாயிரு.

எமிலி

*

ஓசூர்
6 மே 2025

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதில் இப்போது வரவில்லை, வரும்போது எழுதுகிறேன்.

மேசைமேல் கிடந்த உறையைப் பார்த்துவிட்டு முகாம் என்றால் என்ன என்று தமிழ்வாணி கேட்டாள். சொன்னேன். வாளியையும் சொன்னேன். வந்தே தீருவேன் என்கிறாள். 12ஆம் தேதி நானே கொண்டுவந்து விடுகிறேன். உள்ளே வருவேனா என்று தெரியவில்லை.

அவள் எழுதும் கடிதம் ஒட்டி எனக்கு வர வேண்டும். அவளுக்குத் தமிழில் ஏகப்பட்ட பிழை. அப்படியே வரட்டும்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெமிமா

*

யானமல முகாம்
வெள்ளிக்கிழமை

டியர் அம்மா,

நான் நல்லா இருக்கேன். நீ அப்பா அம்மாச்சி நல்லா இருக்கீங்களா. இப்பிடித்தான் ஆரம்பிக்கணும்னு பவதாரிணி சொன்னா. அவ எனக்கு பக்கத்து பெட்.

கேப்பக் கஞ்சி எனக்கு புடிக்கல. ஆனா பசிச்சா குடிச்சிடுறேன். தட்டு நாமளே கழுவணும். மல நெஜமாவே யான மாதிரி இருக்கு, நீ பொய் சொல்றன்னு நெனச்சேன். ஒரு டிராமா போடுறோம், நான் அதுல ஆட்டுக்குட்டி, எனக்கு டயலாக்கே இல்ல.

ஜெயக்கொடி ஆன்ட்டி உன்ன ரொம்ப கேட்டாங்க. ராமக்கா பாட்டி நீ கஞ்சி வாளிய போட்ட எடத்த காமிச்சாங்க. எமிலி பாட்டி ஸ்ட்ரிக்ட். வரிசையில முதுக நேரா வைக்கச் சொல்றாங்க. லெட்டர் எழுதுறப்ப சுத்திச் சுத்தி வந்தாங்க. என் பக்கத்துல வந்து நின்னாங்க, நான் கையால மறச்சேன். ஒடனே அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அம்மா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நேத்து ஒரு பிள்ள தண்ணி ஜக்க போட்டு ஒடச்சிருச்சு. யாரும் கண்ண மூடல. நம்ம வீட்ல டம்ளர் விழுந்தா நீ ஏன் கண்ண மூடிக்கிற? அம்மாச்சியும் மூடுறாங்க. அப்பா திட்டவே மாட்டாரே. வந்து சொல்லு.

கவருக்கு கம் நானே தடவுறேன்.

தமிழ்வாணி

*

திருநகர்
26 மே 2025

அன்புள்ள ஜெமிமா,

நலம். உங்கள் நலத்தை அறியக் காத்திருக்கிறேன்.

முகாம் நல்லபடியாக முடிந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள். முதல் நாள் செல்போனுக்காக மூன்று பேர் அழுதார்கள். ஏழாம் நாள் பஸ் ஏற மாட்டோம் என்று பதினோரு பேர் அழுதார்கள். வெள்ளைத்துரை வந்து பார்த்துவிட்டு, “அடுத்த வருசம் பத்து நாளே போட்டுருவோம் டீச்சர்” என்றார். அதுவும் மினிட்ஸில் வரட்டும்.

12ஆம் தேதி காலையில் நீ வாசலில் நின்று ராமக்காளோடு பேசியதை அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெளியே வரவில்லை. வருவதா வேண்டாமா என்பது உன் தீர்மானமாக இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ராமக்காள் பிறகு சொன்னாள்: “உள்ள வா ஆத்தான்னேன். ‘இன்னொரு நாளைக்கு வாரேன் ராமக்கா’ன்னுச்சு. வாரேன்னுதான் சொல்லுச்சு டீச்சர், வரலன்னு சொல்லல.”

ஐந்தாம் நாள் எனக்குக் கடினமாக இருந்தது. கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. “டீச்சர் கையில செவப்புப் பேனா இல்லாம இன்னைக்குத்தான் பாக்கேன், காது குத்தாத பிள்ள மாதிரி இருக்கு” என்று ராமக்காள் கேலி செய்தாள். பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு பிள்ளை போடாமல் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயக்கொடியிடம் போய் நின்றது. இருவரும் வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை ஜெயக்கொடி அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பார்க்கப் பஸ் ஏறினாள். இது நான் இருபத்தேழு வருடம் முன்பு ஏறியிருக்க வேண்டிய பஸ்.

தமிழ்வாணி என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லவும் வேண்டாம்.

எனக்கு ஒரு வேலை மீதியிருக்கிறது. நீ 1998இல் எழுதிய கடிதம் உன் அம்மாவுக்கு எழுதப்பட்டது. அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தாமதத்துக்குக் காரணமானவளே அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை. ஏப்ரல் 13ஆம் தேதி நீ எழுதி அனுப்பியதில் அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து, ரூபவதியின் முன்னால் உட்கார்ந்து, நான் தடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கொடுக்க விரும்புகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாலும் சரி.

ஆனால் கடிதம் உன்னுடையது. உன் அனுமதி இல்லாமல் எடுத்துவர மாட்டேன்.

நான் வரலாமா, வேண்டாமா? போனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பு.

எமிலி அத்தை